பதினோரு மாத அக்ரிமென்ட், பாதியில் காலி: அட்வான்ஸ் முழுவதும் போய்விடுமா?

கேள்வி: சென்னையில் மாதம் 16,000 ரூபாய் வாடகையில் ஒரு அபார்ட்மென்ட் வீட்டில் இருக்கிறோம். அட்வான்ஸ் ஒரு லட்சம் கொடுத்தோம். பதினோரு மாத அக்ரிமென்ட். முத்திரைத்தாளில் டைப் செய்து இருதரப்பும் கையெழுத்துப் போட்டதோடு சரி, எங்கும் பதிவு செய்யவில்லை. ஐந்தாவது மாதம் முடியப் போகிறது. இந்த நேரத்தில் என் கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த மாதக் கடைசிக்குள் குடும்பத்தோடு போயாக வேண்டும். ஓனரிடம் சொன்னால், “லாக்-இன் இருக்கும்மா, பதினோரு மாசத்துக்கு முன்னாடி காலி பண்ணக் கூடாது. இப்பவே போனா மீதி ஆறு மாச வாடகையையும் அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன். அதுக்கு மேல பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை. கணக்குப் பார்த்தா நீங்கதான் எனக்குப் பன்னிரண்டாயிரம் தரணும்” என்கிறார். அக்ரிமென்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது பிரிவில் ‘ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம்’ என்று இருக்கிறது. பதினான்காவது பிரிவில் ‘பதினோரு மாதத்துக்குள் காலி செய்தால் மீதி மாதங்களின் வாடகை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும்’ என்று இருக்கிறது. குளியலறைச் சுவரில் நீர்க்கசிவு வேறு. போனில் பலமுறை சொல்லியும் சரி செய்யவில்லை. அதைக் காரணமாகச் சொல்லி வெளியேறலாமா? என் அண்ணன், “இனிமேல் வாடகையே கொடுக்காதே, அட்வான்ஸில் கழியட்டும்” என்கிறார். அந்த ஒரு லட்சம் எங்கள் சேமிப்பு. என்ன செய்வது என்று தெரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அண்ணன் சொன்னதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். காரணம், இந்த மாத வாடகை கொடுக்க வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். வாடகையை நிறுத்தாதீர்கள். உங்கள் மேல் அக்கறையில்தான் அவர் அப்படிச் சொல்கிறார். அட்வான்ஸ் திரும்பி வராது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கையில் எடுக்கும் வழி அது. ஆனால் இன்றைய நிலையில் ஒப்பந்தத்தை நீங்கள் எங்கும் மீறவில்லை. ஐந்து மாதமும் ஒழுங்காக வாடகை கொடுத்த, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புகிற வாடகைதாரர் நீங்கள். வாடகையை நிறுத்திய அன்றே அந்த இடம் கைமாறிவிடும். பிறகு ஓனர் பேசப்போவது லாக்-இன் பற்றி அல்ல, வாடகை பாக்கி பற்றித்தான். எந்த மேசையில் உட்கார்ந்து பேசினாலும் முதல் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

அட்வான்ஸில் கழிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் சம்மதித்து, வாட்ஸ்அப்பிலாவது “கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறேன்” என்று எழுதிவிட்டால் தாராளமாகச் செய்யலாம். உண்மையில் அதை நீங்களே கேட்க வேண்டும். அவர் கையில் நிற்கும் பணம் எவ்வளவு குறைகிறதோ, பின்னால் நீங்கள் அலைய வேண்டிய அலைச்சலும் அவ்வளவு குறையும். சம்மதம் எழுத்தில் வருகிற வரை வாடகை வழக்கம்போல் போகட்டும், அதுவும் வங்கிக் கணக்கு வழியாக.

இனி லாக்-இன். ஓனர் சொல்வது போல உங்கள் பணம் முழுவதும் போய்விட்டது என்பது சரியில்லை. கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு மதிப்பே இல்லை என்பதும் சரியில்லை.

உங்கள் அக்ரிமென்ட்டில் இரண்டு பிரிவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. முத்திரைத்தாள் விற்பவரிடமும் டைப்பிங் கடையிலும் இருக்கும் பழைய மாதிரியை எடுத்து, மேலே பெயரை மாற்றி, கீழே புதிதாக ஒரு பிரிவைச் சொருகுவதால் வருகிற கோளாறு இது. நீங்கள் ஒன்பதாவது பிரிவைக் காட்டுவீர்கள், அவர் பதினான்கைக் காட்டுவார். ஓர் ஆவணத்தில் இப்படி இரண்டு பிரிவுகள் இருந்தால் நீதிமன்றம் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடாது; இரண்டுக்கும் பொருள் வரும்படி சேர்த்துப் படிக்கத்தான் முதலில் முயலும். அப்படிப் படித்தால் கிடைப்பது இதுதான்: ஒரு மாத அறிவிப்பு கொடுத்து வெளியேறும் உரிமை உங்களுக்கு உண்டு, பதினோரு மாதத்துக்கு முன்பே போவதால் அவருக்கு நஷ்டம் வந்தால் அதை ஈடுகட்டும் பொறுப்பும் உண்டு. வார்த்தைகள் குழப்பமாக இருந்தால், அதை எழுதிக் கொண்டுவந்தவருக்கு எதிராகப் பொருள் கொள்வது என்ற கொள்கையும் சட்டத்தில் இருக்கிறது. அக்ரிமென்ட்டைத் தயார் செய்து கொண்டுவந்தவர் ஓனர் என்றால் அது உங்களுக்குச் சாதகம்.

ஆக, நீங்கள் அந்த வீட்டில் ஆறு மாதம் சிறைப்பட்டிருக்கவில்லை. மிஞ்சுவது ஒரே கேள்வி: அந்த ஈடு எவ்வளவு?

ஓனர் சொல்லும் கணக்கு ஆறு மாத வாடகை, 96,000 ரூபாய். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவில் வேறு மாதிரி சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை உச்சவரம்பு. அது தானாகவே கைக்கு வந்துவிடும் தொகை அல்ல. ஃபதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் என்ற 1963 வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் எதிர் டெல்லி வளர்ச்சி ஆணையம் என்ற 2015 வழக்கில், நஷ்டத்தைக் கணக்கிட்டு நிரூபிக்க முடிகிற இடத்தில் அதை நிரூபித்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. நகரத்து அபார்ட்மென்ட் வீடு எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்பதைவிட எளிதாக நிரூபிக்கக்கூடிய நஷ்டம் வேறு என்ன இருக்கிறது?

அதே சட்டத்தின் 73-வது பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு. நஷ்டத்தை மதிப்பிடும்போது, அதைச் சரிசெய்து கொள்ள அவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வாடகைக்கு விடாமல் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு ஆறு மாத வாடகையை உங்களிடம் கேட்க முடியாது. புதிய குடித்தனக்காரர் வந்த பிறகு அவரிடமும் வாங்கிக்கொண்டு, அதே மாதத்துக்கு உங்கள் அட்வான்ஸிலும் கழிக்க முடியாது. ஒரே வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு வாடகை நஷ்ட ஈடு ஆகாது, அது லாபம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வணிக வளாகக் குத்தகைகளில், இரு தரப்பும் வக்கீல் வைத்துப் பேசி, ஓனர் வாடகைதாரருக்காகவே லட்சக்கணக்கில் செலவு செய்து உள்வேலை பார்த்துக் கொடுத்த இடங்களில், லாக்-இன் காலத்து வாடகை முழுவதையும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டது உண்டு. சாதாரணக் குடியிருப்பு வீட்டின் நிலை அது அல்ல. ஆனாலும் ‘லாக்-இன் செல்லாது’ என்று இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி ஓனரிடம் போய்ச் சவால் விடாதீர்கள். செல்லும், அவர் பட்ட நஷ்டத்தின் அளவுக்குச் செல்லும்.

இதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த வாரமே அறிவிப்பு கொடுத்து, அடுத்த மாதம் முழுக்க வாடகை கொடுத்து, மாதக் கடைசியில் சாவி கொடுத்தால் ஆறு மாதம் முடிந்துவிடும். மீதி ஐந்து மாதம். ஓனரின் கணக்குப்படியே 96,000 என்பது 80,000 ஆகிறது. நீங்கள் கிளம்பி மூன்று வாரத்தில் வேறு ஆள் குடிவந்தால் உண்மையான நஷ்டம் மூன்று வார வாடகை, அதோடு புரோக்கருக்கு அவர் கொடுத்தது ஏதாவது இருந்தால் அது. நீங்கள் கிளம்பும் அன்றே ஆள் வந்துவிட்டால் நஷ்டம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் வரும் ஐந்து வாரத்தில் உங்கள் முழுக் கவனமும் போக வேண்டியது ஓனரோடு வாதாடுவதில் அல்ல, அடுத்த குடித்தனக்காரரைக் கண்டுபிடிப்பதில். அலுவலகத்தில், பள்ளி வாட்ஸ்அப் குழுவில், அபார்ட்மென்ட் குழுவில் சொல்லி வையுங்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒத்துழையுங்கள். யாரை எப்போது ஓனரிடம் அனுப்பினீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். நான்கு பேரை அனுப்பியும் அவர் நான்கு பேரையும் தட்டிக் கழித்தால், அதற்குப் பிறகு வீடு காலியாகக் கிடப்பது அவர் தேர்ந்தெடுத்தது. அந்தச் செய்திகளே அதற்குச் சாட்சி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அக்ரிமென்ட்டை முறிக்காமல், மீதி மாதங்களுக்குத் தெரிந்தவர் யாரையாவது உங்கள் பெயரிலேயே குடிவைத்துவிட்டுக் கோவைக்குப் போய்விடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஓனரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடுவது சட்டப்படியே தவறு. அந்த ஆள் வாடகை கொடுக்காவிட்டாலும், எதையாவது உடைத்துவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நீர்க்கசிவு விஷயத்தில் நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்: அதைக் காரணமாக்கி வெளியேற வேண்டாம். உங்கள் உண்மையான காரணம் மாற்றல் என்று ஓனருக்கு ஏற்கெனவே தெரியும். இப்போது கதையை மாற்றினால், மீதி நீங்கள் சொல்லும் உண்மைகளின் மேலும் சந்தேகம் விழும். ஆனால் அதை விட்டுவிடவும் வேண்டாம். கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், குழாய் மாற்றுவது போன்றவை ஓனரின் பொறுப்பு. நீங்கள் போனில் சொன்னதால் பதிவு இல்லை. இன்றே படம் எடுத்து, “முன்பே சொன்ன கசிவு இன்னும் இருக்கிறது” என்று அவருக்கு அனுப்பிவிடுங்கள். கடைசி நாளில் அந்தச் சுவரைக் காட்டி, “நீங்கள் கெடுத்தது” என்று அவர் கழிப்பதைத் தடுக்கும் கவசம் அது. பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் ஒரு எடையாகவும் இருக்கும்.

பெயின்டிங் கழிவு பற்றி எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்களில் இதைக் கொடுக்காமல் வெளியே வந்தவர்கள் குறைவு. இதெல்லாம் வழக்கம்தானே என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 இதைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணை பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதும் ஓனர் பக்கத்தில் இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரியான சில்லறைப் பழுதுகள் வாடகைதாரர் பக்கத்தில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அந்த எழுத்து நிற்கும். எனவே உங்கள் அக்ரிமென்ட்டில் பெயின்டிங் என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால், ஆறு மாதம் குடியிருந்ததற்கு ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குக் கழிக்க அவருக்கு எந்த அடிப்படையும் இல்லை. இருந்தாலும்கூட, குறைந்தது பதினோரு மாத உபயோகத்தை மனதில் வைத்து எழுதிய தொகை அது என்று சொல்லிப் பாதியாகக் குறைக்கக் கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதை இதே சட்டம் அளவாக வைத்திருக்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கிகளை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் வாடகைக்கு மூன்று மாதம் என்றால் 48,000. நீங்கள் கொடுத்திருப்பது ஒரு லட்சம். ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுக்குத் தருவேன்’ என்பது ஓனர்கள் பழக்கத்தில் சொல்வது. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை.

அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யாதது பற்றியும் கவலைப்பட்டிருப்பீர்கள். இந்தச் சட்டப்படி நகர்ப்புற வாடகை ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம் என்பதால், அதைத் தவிர்க்கத் தோன்றிய பழக்கம்தான் இந்தப் பதினோரு மாதம். அந்தப் பழக்கம் அப்படியே தொடர்கிறது. புதுச் சட்டம் கேட்கும் பதிவைப் பெரும்பாலோர் செய்வதில்லை. பதிவு இல்லாதது உங்களுக்கு எவ்வளவு பலவீனமோ, பதினான்காவது பிரிவை நம்பியிருக்கும் ஓனருக்கும் அவ்வளவு பலவீனம். அவர் வக்கீலைப் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான். நீங்களாக இதை ஆயுதமாக எடுக்க வேண்டாம்; அவர் நோட்டீஸ் விடுவேன் என்று மிரட்டினால் பதறவும் வேண்டாம்.

இப்போது கையில் எடுக்க வேண்டிய வேலை, அறிவிப்புக் கடிதம். வாயால் சொன்னது கணக்கில் வராது. நீங்கள் சொன்ன நாளிலிருந்து அல்ல, கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் அந்த ஒரு மாதம் ஓடும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று, அதே கடிதத்தின் படம் வாட்ஸ்அப்பில் ஒன்று. கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“ஐயா, தங்களுக்குச் சொந்தமான (வீட்டு முகவரி) வீட்டில் (தேதி) அன்று செய்துகொண்ட ஒப்பந்தப்படி மாதம் ரூ.16,000 வாடகையில் குடியிருந்து வருகிறோம். இதுவரை வாடகை பாக்கி எதுவும் இல்லை. என் கணவரின் பணி மாற்றல் காரணமாக, ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவின்படி இதன் மூலம் ஒரு மாத முன்னறிவிப்பு தருகிறோம். (தேதி) அன்று வீட்டைக் காலி செய்து சாவியைத் தங்களிடம் ஒப்படைப்போம். அதுவரையிலான வாடகையையும் மின் கட்டணத்தையும் செலுத்திவிடுவோம். தங்களுக்குச் சிரமம் ஏற்படாதிருக்க, புதிய குடித்தனக்காரரைத் தேடுவதிலும் வீட்டைக் காட்டுவதிலும் முழுமையாக ஒத்துழைப்போம். நாங்கள் கொடுத்துள்ள முன்பணம் ரூ.1,00,000-ஐ, முறையான பாக்கி ஏதேனும் இருந்தால் கழித்து, கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். காலி செய்த பின் எங்கள் முகவரி: (கோவை முகவரி).”

இதில் கோபமான ஒரு சொல்லும் இல்லை, கவனித்தீர்களா? மிரட்டலும் இல்லை, சட்டப் பிரிவு எண்களும் இல்லை. பின்னால் மூன்றாவது மனிதர் ஒருவர் படிக்க நேர்ந்தால், யார் நியாயமாக நடந்தார்கள் என்பது அவருக்குத் தானாகத் தெரிய வேண்டும். ‘பதினான்காவது பிரிவை நாங்கள் ஏற்கிறோம்’ என்றோ ‘அபராதம் கட்டுகிறோம்’ என்றோ ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள்.

கடிதம் போன பிறகு நேரில் போய்ப் பேசுங்கள். இருவரும் சேர்ந்து போவது நல்லது. ஓனரின் இடத்திலிருந்தும் பாருங்கள். இந்த வாடகையை நம்பி மாதாமாதம் வீட்டுக்கடன் தவணை கட்டுகிறவராக இருக்கலாம். ஓய்வு பெற்ற பிறகு இதுதான் வருமானமாக இருக்கலாம். புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்து உங்களைப் பிடித்திருந்தால், ஆறே மாதத்தில் மறுபடி அந்தச் செலவு அவருக்கு. அந்தப் பயத்துக்கு நீங்கள் விடை கொண்டுபோனால் பேச்சு எளிதாகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்: “அடுத்த மாத வாடகையை முழுசாகத் தருகிறோம். நாங்கள் போன பிறகு வீடு காலியாகக் கிடந்தால், அதிகபட்சம் ஒரு மாத வாடகை வரை நாட்கணக்கில் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆள் வந்துவிட்டால் வந்த தேதி வரைக்கும் மட்டும்.” அதாவது, மோசமான நிலையிலும் உங்கள் நஷ்டம் 16,000. கையில் திரும்ப வருவது, மின் கட்டணம் போக, 80,000 ரூபாய்க்கு மேல். சட்டப்படி இதைவிடக் குறைவாகவும் வாதாட முடியும். ஆனால் இரண்டு வருடம் வேறு ஊரிலிருந்து வந்து வழக்கு நடத்தும் செலவையும் மனக்கவலையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மாத வாடகைக்குள் முடிகிற எந்தச் சமாதானமும் உங்களுக்கு நல்லதுதான். ஒன்றரை மாதம் வரை கேட்டால்கூட யோசியுங்கள். மூன்று மாதம் என்று நின்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பேசி முடித்த அன்றே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எந்தத் தேதியில் சாவி, எவ்வளவு கழிவு, மீதி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் வரும், இதற்குப் பிறகு இருதரப்புக்கும் பாக்கி எதுவும் இல்லை. இவ்வளவுதான். ‘பார்த்துச் செய்கிறேன்மா, என்னை நம்பமாட்டீங்களா?’ என்று அவர் சொல்லலாம். நம்புங்கள், நம்பிக்கொண்டே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், வீட்டுக்கு வந்த உடனே “இன்று பேசியபடி…” என்று தொடங்கி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் மறுக்காவிட்டால் அதற்கும் மதிப்பு உண்டு. போனை மாற்றினாலும் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்தை முறையான சான்றிதழோடு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

சாவி கொடுக்கும் நாளை அவசரத்தில் கடத்திவிடாதீர்கள். லாரி கீழே நிற்கும், குழந்தை பசிக்கிறது என்பாள், ஓனர் மாடியில் நின்று சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அட்வான்ஸ் தகராறுகள் பெரும்பாலும் விளைவது அந்த அரை மணி நேரத்தில்தான். சாமான்களை முந்தின நாளே ஏற்றிவிட முடிந்தால் நல்லது. வீடு காலியான பிறகு வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக ஒரே வீடியோவாக எடுங்கள்: சுவர், தரை, குழாய், மின்விசிறி, ஜன்னல் கண்ணாடி, அந்தக் கசிவுச் சுவர். மின் மீட்டர் ரீடிங்கைத் தனியாகப் படம் எடுங்கள். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், நீங்கள் போன பிறகு வரும் பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அந்த ரீடிங் இல்லாமல் சொல்ல முடியாது. அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் பாக்கியை முன்பே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். சில இடங்களில் ஓனர் சொன்னால்தான் கேட்டில் சாமானை வெளியே விடுவார்கள். அசோசியேஷனுக்கும் ஒரு வாரம் முன்னதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணத் தகராறுக்காக உங்கள் சாமான்களைப் பிடித்து வைக்கவோ, அதற்கு முன்பே தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது. அப்படி நடந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

எத்தனை சாவி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதி, ‘வீட்டைப் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர் கையெழுத்து போட்ட ஒரு சீட்டு கண்டிப்பாக வேண்டும். குத்தகை முடிந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ஓனர் சாவியை வாங்க மறுத்தால் – அட்வான்ஸைத் தராமல் இழுக்க இது ஒரு வழி – “இந்தத் தேதியில் இந்த நேரத்தில் சாவியோடு வந்தோம், தாங்கள் பெற்றுக்கொள்ளவில்லை, எப்போது வேண்டுமானாலும் ஒப்படைக்கத் தயார்” என்று அன்றே எழுதி அனுப்புங்கள். வீட்டை ஒப்படைக்க வந்ததற்கு அது ஆதாரம். அதற்குப் பிறகு ஓடும் நாட்களுக்கு உங்களிடம் வாடகை கேட்பது அவருக்குக் கடினமாகிவிடும்.

இடையில், வேறொரு வகை ஏற்பாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மாத வாடகை இல்லாமல் ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து ‘லீஸ்’ என்ற பெயரில் இருப்பவர்களுக்கு நான் மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஓனர் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் செலவு செய்திருப்பார். அடுத்த ஆள் பணம் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும் என்பதுதான் நடைமுறை நிலை. அவர்கள் பணம் கைக்கு வரும் வரை சாவியைக் கொடுக்கக் கூடாது. வீடு கைவசம் இருப்பதுதான் அவர்களுக்கு உள்ள ஒரே பிடிமானம். வாடகை வீட்டில் சாவியைப் பிடித்து வைத்தாலோ நாளுக்கு நாள் வாடகை ஏறும். அதனால், சகோதரி, உங்கள் விஷயத்தில் சொன்ன தேதியில் சாவியைக் கொடுத்துவிடுவதே சரி.

எல்லாம் முறையாகச் செய்தும் ஒரு மாதம் கழித்துப் பணம் வரவில்லை என்றால், முதலில் வக்கீல் நோட்டீஸ். பல நேரம் அதிலேயே முடிந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் நேராக வழக்குக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்கு தொடுப்பதற்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ஓனருக்கு அங்கிருந்து அழைப்பு போகும். பேசி முடிந்தால் லோக் அதாலத்தில் பிறப்பிக்கும் தீர்ப்பு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. எனவே மனு உங்கள் பெயரில் இருக்கட்டும். அக்ரிமென்ட்டில் கணவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்களும் மனுதாரராகச் சேர முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். சமரசம் பலிக்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் போவதா, வாடகை நீதிமன்றமா, உரிமையியல் வழக்கா என்பதை உங்கள் அக்ரிமென்ட்டையும் அது பதிவாகாததையும் வைத்து ஒரு வழக்கறிஞர் முடிவு செய்ய வேண்டும். அதை இப்போதே முடிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பண மீட்புக்குப் பொதுவாக மூன்று வருட அவகாசம் உண்டு.

இந்த மனுக்கள் எல்லாம் வீடு இருக்கிற இடத்தில், அதாவது சென்னையில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே அக்ரிமென்ட், அட்வான்ஸ் கொடுத்ததற்கான வங்கிப் பதிவு, ஐந்து மாத வாடகைக்கான பதிவு, அறிவிப்புக் கடிதத்தின் நகல், தபால் ரசீது, இவை எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுச் சென்னையில் இருக்கும் உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்திருந்து, ரசீது இல்லை, அக்ரிமென்ட்டிலும் தொகை எழுதவில்லை என்றால், அறிவிப்புக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே ஓனருக்கு ஒரு சாதாரண வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: “சார், நாங்கள் கொடுத்த ஒரு லட்சம் அட்வான்ஸில் கடைசி மாத வாடகையைக் கழித்துக்கொள்ளலாமா?” அவர் சரி என்றாலும் முடியாது என்றாலும், ஒரு லட்சம் வாங்கியது அந்தப் பதிலில் பதிவாகிவிடும்.